டீசல் மணக்கும் சட்டை

நேற்று காரைக்குடிக் கல்யாண மண்டபத்தில் கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடியது. டீசல் புகைக்கு எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு விலக, என் சித்தி மட்டும் நாற்காலியை அதன் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

சித்தப்பா டீசலில் ஓடும் நீர்மூழ்கிக் கப்பலில் வேலை பார்த்தவர். என் சின்ன வயதில், அவர் லீவுக்கு வந்து பெட்டியைத் திறந்தால் வீடே டீசல் மணக்கும்.

"கப்பல்ல இருக்கீகளா, லாரி செட்டுல இருக்கீகளா?" என்பார் சித்தி.

"தண்ணிக்கடியில சன்னலத் தொறந்து வைக்கச் சொல்றியா?" என்று சிரிப்பார் சித்தப்பா.

ஒருமுறை தண்ணீருக்குள் போன அந்தக் கப்பல் மேலே வரவே இல்லை. உடலும் கிடைக்கவில்லை. துறைமுகத்திலிருந்து அவர் பெட்டி மட்டும் வந்தது. அதில் துவைக்காத சட்டை ஒன்று. சித்தி அதைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டு படுப்பார்.

காரியம் முடிந்தால் துக்க வீட்டுத் துணி எல்லாவற்றையும் அலசிப் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அம்மா, பாவம், அந்தச் சட்டையையும் சேர்த்துச் சோப்புப் போட்டுத் துவைத்துக் கொடியில் காயப்போட்டுவிட்டார்.

சித்தி ஈரச் சட்டையை முகத்தில் வைத்து மோந்து பார்த்தார்.

"அவுக வாசத்தையும் அலசிட்டீகளே அக்கா!"

நேற்று மண்டபத்துக்கு வெளியே தெருவிளக்கு எரிந்தது. ஜெனரேட்டரை நிறுத்த ஆள் வந்தார்.

"கரண்டு வந்துருச்சு ஆத்தா. உள்ள போங்க."

"வரட்டும்ப்பா," என்றார் சித்தி. "இன்னுங் கொஞ்ச நேரம் ஓடட்டுமே."