கடைசி வீட்டு அடுப்பு

போன வாரம் குழாய் எரிவாயு இணைப்புக் கொடுக்க வந்த மெக்கானிக் பையா ஸ்பேனர் கேட்டார். டெல்லி மோதி பாக் அரசுக் குவார்ட்டர்ஸில் குடியிருந்த காலத்துத் தகரப் பெட்டியைக் கவிழ்த்தேன். கனமான இரும்புச் சாவி ஒன்று தரையில் விழுந்தது. அது பூட்டுச் சாவி அல்ல. சாண எரிவாயுக் குழாயின் வால்வைத் திருப்பும் சாவி. அண்ணா கொடுத்தது.

அண்ணா என்றால் கூடப்பிறந்தவர் இல்லை. எழுபதுகளின் கடைசியில் என் அலுவலகத்தில் எனக்கு மூத்த பொறியாளர். திருநெல்வேலிக்காரர், பிடிவாதத்துக்குப் பெயர் போனவர். டெல்லிக்கு வெளியே ஒரு கிராமத்தில் எங்கள் மேற்பார்வையில் ஊரே சேர்ந்து சாண எரிவாயுக் கலம் கட்டியது. சாணம் கொடுக்கும் வீட்டுக்குத்தான் வாயு என்பது ஊர்க்கூட்டம் போட்ட விதி. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் தினமும் அந்தச் சாணத்தைச் சுமந்து வந்து கரைத்து ஊற்றியவர்கள் மாடில்லாத மேற்குத் தெருப் பெண்கள். அவர்கள் தெருவுக்குக் குழாயே போகவில்லை.

திறப்பு விழா அன்று காலை அந்தப் பெண்கள் கரைக்கும் தொட்டியைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். வாளியைத் தொடவில்லை. பெரிய அதிகாரியின் கார் ஊர் எல்லைக்கு வந்துவிட்டது. கலத்தில் அன்றைக்குப் போதுமான வாயு இருந்தது. "கோலியே சாப், ஜல்தி!" என்று திறக்கச் சொல்லிக் கத்தினார் ஊர்த்தலைவர். அண்ணா சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "இன்னைக்கு எரிஞ்சிரும். நாளைக்கு யாரு கரைப்பா?" என்று என்னிடம் முணுமுணுத்துவிட்டு, அதையே இந்தியில் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். தலைவரின் ஆட்கள் தடியோடு நெருங்கி வந்தார்கள்.  திறந்து தொலைத்தால்தான் என்ன என்று எனக்கு அண்ணாமேல் ஆத்திரமாக வந்தது. அப்போது தலைவரின் மருமகள் முக்காட்டுக்குள்ளிருந்து இந்தியில் கேட்டாள்: "அப்போ நாளையிலேருந்து நான் கரைக்கணுமா?" யாரோ சிரித்துவிட்டார்கள். தலைவர் சிரிக்கவில்லை. மீசையைத் தடவியபடி தொட்டிப் பக்கம் பார்த்தார். பிறகு, உழைப்பும் பங்குதான், மேற்குத் தெருவுக்குக் குழாய் போட்டபின் திறக்கலாம் என்று வேண்டா வெறுப்பாகச் சொன்னார்.

அதிகாரி காரை விட்டு இறங்காமலே திரும்பிப் போனார். அண்ணாவுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. கிளம்பும்போது சாவியை என் கையில் வைத்து, "கடைசி வீட்டுல எரியுதான்னு மொதல்ல பாரும்மா" என்றார். பார்த்தேன். மேற்குத் தெருக் கோடி வீட்டில் நீலச் சுடர் எழுந்தபோது அந்த வீட்டுப் பெண் பயந்து பின்வாங்கி, பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். அதைப் பார்க்க வேண்டிய மனிதர் அங்கே இல்லையே என்று எனக்கு அழுகை வந்தது. பின்னாளில் புது வால்வு மாட்டினார்கள்; பழைய சாவி என்னிடமே தங்கிவிட்டது.

ஸ்பேனரை வாங்கிக்கொண்ட பையா என் அடுப்பைப் பற்றவைக்கப் போனார்.

"மேல்மாடிக் கடைசி வீட்டுல வந்துடுச்சா?" என்று இந்தியில் கேட்டேன்.

"ஆ ஜாயேகா, மேடம்," என்றார். வந்துவிடுமாம்.

"வரட்டும். மொதல்ல அங்க பார்த்துட்டு வாங்க."

அவர் அலுத்துக்கொண்டே படியேறினார். நான் சாவியைக் கையில் வைத்தபடி வாசலில் காத்திருந்தேன்.