கலெக்டருக்குப் போன சாமை மூட்டை

மலைமேல் இருக்கும் புதூர்நாட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மனுவும் எழுதித் தருவேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு நிறுத்தத் தெரியாது.

மேலே ஓர் ஊரிலிருந்து ஒரு விவசாயி வந்தார். மழையில் ஜீப் பாதை அறுத்துக்கொண்டு போய்விட்டது. மருமகளுக்கு எட்டாம் மாதம். போன பிரசவத்தில் டோலி கட்டித் தூக்கி வரும்போது வழியிலேயே குழந்தை இறந்துவிட்டது. இந்தத் தடவையாவது ஜீப் வீடு வரைக்கும் வர வேண்டும். அதற்குத்தான் மனு.

‘மாவட்ட ஆட்சியர் அவர்கள்’ என்று அடித்தேன். யாருக்கு என்று கேட்டார். கலெக்டருக்கு என்றேன்.

“கலெக்டர்னா இன்னா அர்த்தம் சார்?”

கேட்டாரே ஒரு கேள்வி. வசூல் செய்கிறவர் என்று அதற்குப் பொருள், கம்பெனிக்காரன் காலத்தில் நிலவரி தண்டுவதற்கென்று வைத்த ஆள் என்று ஆரம்பித்தேன். வரி வாங்கப் போனால் எல்லைத் தகராறு வரும். அதைத் தீர்க்கவும் அதிகாரம் கொடுத்தார்கள். அப்புறம் சாலை, பள்ளிக்கூடம், வெள்ளம், தேர்தல் என்று ஒவ்வொன்றாக அவர் தலையில் ஏறியது. சில மாநிலங்களில் அதே வேலைக்குத் துணை ஆணையர் என்று பெயர். நாமும் எழுத்தில் ஆட்சியர் ஆக்கிவிட்டோம், பேச்சில் மட்டும் கலெக்டர் போகவே இல்லை. இப்படி அரை மணி நேரம் அளந்தேன். அவர் “சரிங்க” என்று மனுவை மடித்துக்கொண்டு போனார்.

மனு வாங்குகிற திங்கட்கிழமை அவரும் ஊர்க்காரர்கள் நான்கு பேரும் கீழே கலெக்டர் ஆபீசுக்குப் போனார்கள். கூடவே ஒரு மூட்டை சாமையும் போயிருக்கிறது. அவர்கள் ஊரில் வழக்கு சொல்லப் போகிறவர் முதலில் ஊர்க்கவுண்டர் முன்னால் தானியம் வைக்க வேண்டும். அவர் எடுத்துக்கொண்டால் வழக்கைக் கேட்பார். திருப்பிக் கொடுத்துவிட்டால் மேற்கொண்டு பேச்சே இல்லை, எழுந்து வந்துவிட வேண்டும். ஆபீஸ் வாசலில் இருந்த ஊழியர், “இதெல்லாம் இங்க வாங்க மாட்டோங்க, எடுத்துட்டுப் போங்க” என்று மரியாதையாகத்தான் சொல்லியிருக்கிறார். இவர்கள் மனுவையும் மடியிலேயே வைத்துக்கொண்டு திரும்பிவிட்டார்கள்.

மறுநாள் விவசாயி வந்து சொன்னபோது எனக்குக் கோபம் தலைக்கேறியது.

“மனுவையாச்சும் குடுத்துட்டு வந்திருக்கலாம் இல்ல?”

“எடுத்துட்டுப் போன்னு சொல்லிட்டாங்களே சார். அதுக்கு மேல இன்னாத்த குடுக்கிறது?”

அவரைத் திட்டி என்ன பிரயோஜனம்? அத்தனை வரலாறு பேசிய நான், மனுவை யாரிடம் கொடுக்க வேண்டும், ரசீதை எப்படிக் கேட்டு வாங்க வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. பிள்ளைத்தாச்சிக்கு ஒரு வாரத்தை வீணாக்கிவிட்டேன்.

“அடுத்த திங்கக்கிழமை நானே கூட வர்றேன். நீங்க மட்டும் வந்தா போதும்” என்றேன்.

அந்தத் திங்கட்கிழமை முதல் பஸ்ஸுக்காகக் கடை வாசலில் நின்றேன். அவர் வந்தார். பின்னாலேயே ஒரு பெண், வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி, முழங்கால் வரை சேறோடு. அவருடைய மருமகள். அந்த அறுந்த பாதையில் நடந்தே இறங்கி வந்திருக்கிறாள்.

“இந்த நெலமையில இவங்கள எதுக்குங்க நடக்க வெச்சீங்க?” என்று அவரிடம் சத்தம் போட்டேன்.

அவள்தான் பேசினாள்.

“போன்னு சொன்னா மாமா திரும்பி வந்துடுவாரு சார். நான் மனுவக் குடுக்காம திரும்ப மாட்டேன். ஏற்கெனவே ஒரு புள்ளைய அந்த வழியில பறிகுடுத்துட்டேன்.”