சகலன் நின்ற எலெக்ஷன்

புதன்கிழமை பின்னேரம் எங்கள் ஹோலில் இருந்தவர்கள்: மேல்மாடிக் கந்தசாமி அண்ணை. எங்களோடு அறை எடுத்திருக்கும் மட்டக்களப்பு பீற்றர் – ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிப் பெட்டி இறக்குகிறவன். என் மனைவி மலர். நான். டெலிபோன்.

டெலிபோனையும் ஓர் ஆளாகத்தான் எடுக்க வேண்டும். எல்லோரும் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

காரணம் என் சகலன். மலரின் அக்காவைக் கட்டியவர். எல்லைக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவில், ஒரு நாட்டுப்புறக் கவுண்டியில் – எங்கள் மாவட்டம் மாதிரி ஒன்று – மாட்டு வைத்தியர். முதல்நாள் அங்கே கவுண்டி சபைக்கு எலெக்ஷன். இவர் நின்றார்.

உங்களுக்கும் ஒரு சகலன் இருக்கிறாரா? இல்லையென்றால் நீங்கள் புண்ணியம் செய்தவர். ஒரே வீட்டில் பெண் எடுத்த இரண்டு பேரை ஊர் ஒரே தராசில்தான் போடும். நான் ஆறாம் வகுப்பு. அவர் பட்டம். நான் திருகோணமலையில் லொறி ஓட்டினேன், இங்கே ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவுகிறேன். அவர் எண்பத்து மூன்றுக் கலவரத்துக்கு முன்பே படிக்கவென்று போய், அங்கேயே சிற்றிசனும் ஆகிவிட்டார். தராசு எந்தப் பக்கம் சாயும்… சொல்ல வேண்டுமா?

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவார். இங்கே தமிழ்க் கடையில் அரிசி, தேங்காய், மிளகாய்த்தூள் வாங்க. வாங்கிவிட்டுப் போக வேண்டியதுதானே? போக மாட்டார். எங்கள் சோபாவில் இருந்து கவுண்டியை விரிப்பார். மேற்கே ஏரி. தெற்கே மலை, மலை முழுக்கக் காடு. திருகோணமலை மாவட்டத்தைத் தூக்கி உள்ளே வைத்தாலும் இடம் மிச்சமாம். சனமோ நாங்கள் இருக்கும் இந்தப் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியை விடக் கொஞ்சம்தான் கூட. மாடு, சனத்தை விடக் கூட.

கார் ஓடினால் ஒரு மணித்தியாலத்தில் எல்லை. ஆனால் எங்கள் அகதிப் பேப்பருக்கு அது திறக்காது. அந்த ஏரியை நான் அவர் வாயால்தான் பார்த்திருக்கிறேன்.

சபையைப் பற்றியும் சொல்லுவார். கொழும்பு அனுப்புகிற அரச அதிபர் மாதிரி மேலே இருந்து ஒருவரும் வருவதில்லையாம். கவுண்டியைத் துண்டு துண்டாகப் பிரித்து, துண்டுக்கு ஓர் ஆள். பாலம், மதகு, பனி அள்ளுவது, குப்பை கொட்டும் இடம் – எல்லாம் அவர்களே கூடிக் கதைத்து முடிவெடுப்பார்கள். பொலிஸ் பெரியவர் ஷெரிப்புக்கும் எலெக்ஷன். சந்தேகமான சாவென்றால் வந்து பார்க்கிற ஆளுக்கும் எலெக்ஷன்.

"செத்தவங்கட்டயும் வோட்டுக் கேப்பாங்களோ?" என்று பீற்றர் ஒருமுறை கேட்டான்.

"எங்கட நாட்டில செத்தவரே வந்து போட்டிட்டுப் போவார்" என்றார் கந்தசாமி அண்ணை.

இந்த வருடம் பனி உருகியபோது அங்கே ஒரு பாலம் அடிபட்டுப் போனது. பால் லொறி வர வழியில்லை. கறந்த பாலை நிலத்தில் ஊற்றினார்கள். சகலன் சபைக் கூட்டத்துக்குப் போய் எழும்பிக் கேள்வி கேட்டிருக்கிறார். கேட்ட ஊரார், அடுத்த முறை நீரே நில்லும் என்றார்களாம். எதிரே நின்றவர் டிராக்டர் வியாபாரி. அப்பன், பாட்டன் எல்லோரும் அந்த மண்.

நான் என்ன நினைத்தேன்? இவர் தோற்க வேண்டும். பெரிதாக வேண்டாம். இரண்டு தரம் வாய் திறக்காமல் அரிசியை எடுத்துக்கொண்டு போகிற அளவுக்குத் தோற்றால் போதும்.

கந்தசாமி அண்ணையைக் கூப்பிட்டதும் அதற்குத்தான். எங்கள் ஊரில் வோட்டுப் பெட்டி திறக்க முதலே ரிசல்ட் சொல்கிற ஆள். வித்தை ஒன்றும் இல்லை. தமிழ்த் தலை எத்தனை, முஸ்லிம் தலை எத்தனை, சிங்களத் தலை எத்தனை என்று எண்ணுவார். அவரவர் அவரவர் ஆளுக்குத்தானே போடுவார்கள்? ஒரு தரமும் அவருக்குப் பிழைத்ததில்லை.

"அங்க எங்கட ஆக்கள் எத்தினை பேர்?" என்று கேட்டார்.

"நாலு அண்ணை. அதில ரெண்டு சின்னப் பிள்ளையள்."

"அப்ப ரெண்டு வோட்டு. கட்டுக்காசு போச்சு."

"மாட்டுக்கு வோட்டு இருந்தா வெண்டிருவார்" என்றான் பீற்றர்.

மலர் குசினி வாசலில் நின்று என்னையே பார்த்தாள். "அத்தான் தோத்தா அக்கா அழுவா. உங்களுக்குச் சிரிப்பு வருது, என்ன?"

"நான் சிரிக்கேல்லை."

"பல்லுத் தெரியுது."

அப்போதுதான் டெலிபோன் அடித்தது. மலர் பாய்ந்து எடுத்தாள். "அக்கா… ஓம்… ஓம்…" கை வாய்க்குப் போனது. திரும்பினாள். "அத்தான் வெண்டிட்டாராம்."

ரிசீவர் என் கைக்கு வந்தது.

"தம்பி, முந்நூற்று எண்பத்தாறு" என்றார் சகலன். "டிராக்டர்காரனுக்கு முந்நூற்று நாப்பது."

"சந்தோசம் அண்ணை" என்றேன்.

"வோட்டுப் போடுற இடத்தில ஆமிக்காரன் நிண்டவனா எண்டு கேளுங்க" என்று பீற்றர் பக்கத்தில் நின்று குசுகுசுத்தான். கேட்டேன்.

"ஆமியோ? பள்ளிக்கூட ஹோல் தம்பி. வாசல்ல பொம்பிளையள் கேக் செய்து வித்தவை. போட்டிட்டுப் போற எல்லாற்ற கையிலயும் கேக்."

நான் கடைசியாக வோட்டுப் போட்டபோது வாசலில் நின்றவர்கள் கையில் கேக் இருக்கவில்லை.

"தோத்த ஆள் என்ன சொல்லுறார்?" என்றேன். ஏதாவது கிடைக்காதா என்ற ஆசை.

"காலமை வந்து கை தந்திட்டு, தன்ர பசு ஒண்டு தின்னுதில்லை, வந்து பார் எண்டு சொல்லிட்டுப் போனவன். இப்ப அங்கதான் போறன்." பிறகு சொன்னார்: "அடுத்த கூட்டத்துக்கு நீரும் வாருமன். ஆரும் வந்து இருக்கலாம். எழும்பிக் கேள்வியும் கேக்கலாம்."

என் பேப்பரை மறந்துவிட்டார். வென்றவருக்கு மற்றவனுடைய பேப்பர் ஞாபகம் வருமா? "பாப்பம் அண்ணை" என்று வைத்தேன்.

மலர் கேசரிக்கு ரவை வறுக்கத் தொடங்கினாள். பீற்றர் சோடா வாங்க மூலைக்கடை டெப்பனருக்கு இறங்கினான். கந்தசாமி அண்ணை மட்டும் அசையவில்லை.

"அங்க வேற தமிழர் ஆரும் ஒளிச்சிருக்கினமோ?"

"இல்லை அண்ணை."

"வடிவாத் தெரியுமோ?"

"தெரியும் அண்ணை. இருந்தா அவரைப்போல இங்க அரிசி வாங்க வந்திருப்பினம்."

இன்று வெள்ளி. சகலனின் வீட்டுக்கும் காருக்கும் ஏரிக்கும் எனக்கு வருகிற எரிச்சல் ஒரு தேத்தண்ணியோடு இறங்கிவிடும். இது இறங்கவில்லை.

ஊரில் என் முன்வீட்டுக்காரன் சிங்களவன். நல்ல மனிதன். என் லொறி சேற்றில் புதைந்தபோது மழையில் நின்று தள்ளினவன். ஒருநாளும் எங்கள் ஆளுக்கு அவன் புள்ளடி போட்டதில்லை. அவன் ஆளுக்கு நானும் போட்டதில்லை. போடலாம் என்று இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. நாங்கள் இரண்டு பேரும் பிறந்தது அந்த ஊரில். மாடு பார்க்கப் போன இடத்தில் சகலனுக்கு மட்டும் எப்படி…

அன்றைக்குக் கேசரித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு கந்தசாமி அண்ணை கடைசியாகக் கேட்டது ஒன்றுதான்.

"அவருக்கு விழுந்ததில எங்கட ரெண்டைக் கழிச்சா எவ்வளவு தம்பி?"

கழித்தேன்.

முந்நூற்று எண்பத்து நாலு.