நல்லெண்ணெயில் வெந்த போல்டுகள்

திங்கட்கிழமை காலை என் மனைவிக்கு ஈப்போவில் கண்புரை அறுவைச் சிகிச்சை. பல மாதம் காத்திருந்து கிடைத்த நாள். தவறவிட்டால் மறுபடியும் வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். அவளோ அப்போதே சீரகத்தையும் சோம்பையும் முகர்ந்து பார்த்துத்தான் பிரித்துக்கொண்டிருந்தாள். கம்போங் ராஜாவைத் தாண்டி ஈப்போவுக்கு இறங்கும் மலைச்சாலையில் நானே அவளை அழைத்துப் போவதாகச் சொல்லியிருந்தேன். அந்தச் சாலையில் மற்றவர்கள் வண்டி ஓட்டும் லட்சணத்தை நான் அறிவேன்.

ஆனால் என் காரின் முன்சக்கரம் ஒன்று பிரேக் போடும்போதெல்லாம் அம்மி அரைப்பது போலச் சத்தம் போட்டது. பிரேக் தட்டு தேய்ந்துவிட்டது. தானா ராத்தாவில் பட்டறைகள் உண்டு. எவ்வளவு இறுக்கினீர்கள் என்று அங்கே கேட்டால் "நல்லா டைட்டு சார்" என்பார்கள். அரசு வாகனப் பட்டறையில் பொறியாளராக இருந்து, இறுக்குவதற்கும் தளர்த்துவதற்கும் விதிமுறை எழுதி ஓய்வு பெற்றவன் நான். "நல்லா டைட்டு" என்பது ஓர் அளவு அல்ல. எனவே புதுத் தட்டை வாங்கி வைத்துக்கொண்டு, சனிக்கிழமை காலை வீட்டு வாசலிலேயே காரை ஜேக்கில் ஏற்றினேன்.

எங்கள் வீடு தேயிலைத் தோட்டத்தை ஒட்டி இருக்கிறது. மனைவி பிறந்த தோட்டம் அது. அவளுடைய அண்ணன் அங்கே கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கிராணிக்கு உலகத்தில் தெரியாத வேலை கிடையாது, செய்த வேலையும் கிடையாது. ஜேக் சத்தம் கேட்டதும் வந்துவிட்டார்.

தட்டை எடுக்க வேண்டுமானால் அதைக் கவ்வியிருக்கும் இரும்புப் பிடியைக் கழற்ற வேண்டும். பிடிக்கு இரண்டு போல்டுகள். இரண்டும் அசையவில்லை. துரு இளக்கும் எண்ணெயை அடித்துவிட்டு உட்கார்ந்தேன்.

"என்ன மாப்பிள்ளை, சும்மா குந்திக்கிட்டு இருக்கீங்க? ஸ்பேனர்ல ஒரு பைப்ப மாட்டி ஏறி மிதிச்சா கழண்டுடும்லா."

"எண்ணெய் உள்ள எறங்கணும் மச்சான். கொஞ்சம் பொறுங்க."

"நீங்க பொறுக்குற நேரத்துல நாங்க எஸ்டேட்ல ஒரு லோரி கொழுந்து ஏத்திடுவோம்."

"நீங்க எங்க ஏத்தினீங்க? நாற்காலியில உக்காந்து எழுதிக்கிட்டுல்ல இருந்தீங்க."

அவர் சிரித்தார். நான் டார்ச் விளக்கை எடுக்க உள்ளே போனேன். போயிருக்கக் கூடாது. வாசலில் படாரென்று ஒரு சத்தம். ஓடி வந்து பார்த்தால் மச்சான் கையில் இரும்புக் குழாயோடு வெற்றி வீரரைப் போல நிற்கிறார்.

"கழண்டுருச்சி மாப்பிள்ளை!"

கழன்றது போல்டின் தலை மட்டும். உடல் உள்ளேயே இருந்தது. தலையைப் பொறுக்கிப் பார்த்தேன். துருவைவிட அதிகமாக அதில் ஏதோ பழுப்பாக, பளபளப்பாகப் படிந்திருந்தது. நகத்தால் சுரண்டினேன், வரவில்லை. முகர்ந்தேன். எள் வாசனை.

"மச்சான், இது என்ன?"

"அதுவா? நல்லெண்ணெய். நான்தான் ஊத்துவேன். வருசா வருசம் ஆயுத பூசைக்கு உங்க காடிக்கும் பூசை போடுறேன்ல? வெளக்குல மிஞ்சுன எண்ணெயத் தரையில கொட்டக் கூடாது. அதான் சக்கரத்துக்குப் பின்னால இருக்குற போல்டுக்கெல்லாம் விட்டுடுவேன். துரு புடிக்காது பாருங்க."

சந்தனம், குங்குமம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் எதற்கும் நான் ஆட்சேபம் சொன்னதில்லை. காரைக் கழுவினால் போய்விடும். இது அப்படியல்ல. மலைச்சாலையில் இறங்கும்போது பிரேக் அடுப்பு மாதிரி கொதிக்கும். அதில் வருடா வருடம் நல்லெண்ணெய் ஊற்றினால் என்ன ஆகும்? வடைச் சட்டியின் வெளிப்புறத்தைத் தேய்த்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். போல்டின் மரையில் பக்தி வெந்து கோந்தாகி இறுகிப்போயிருந்தது. இதை மச்சானுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சாமி எண்ணெய் அப்படியெல்லாம் பண்ணாது" என்றார்.

இரண்டாவது போல்டை அவர் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு நானே எடுத்துக்கொண்டேன். கேஸ் பர்னர் தீயால் சூடாக்கினேன். ஆறவிட்டேன். சுத்தியலால் மெல்லத் தட்டினேன். ஒரு மயிரிழை இறுக்கி, ஒரு மயிரிழை தளர்த்தி, மறுபடியும் எண்ணெய். ஒரு விதியைக்கூட மீறவில்லை. மத்தியானம் அதுவும் உடைந்தது. ஆனால் அது முறைப்படி உடைந்தது. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. மச்சானுக்கு அது புரியவில்லை.

"நான் ஒடச்சது ரெண்டு நிமிசம். நீங்க ஒடச்சது ரெண்டு மணி நேரம்" என்றார்.

உடைந்த தண்டின் நடுவில் துளையிட்டுத் திருகி எடுக்கும் முறை ஒன்று இருக்கிறது. அதையும் செய்தேன். துளையிடும் ஊசி முறிந்து உள்ளேயே தங்கிவிட்டது. அந்த உலோகத்தின் தரத்தைப் பற்றி நான் சொன்னதை இங்கே எழுத முடியாது. ஞாயிற்றுக்கிழமை மச்சானும் நானும் மாறி மாறித் திட்டிக்கொண்டோம். கார் மூன்று சக்கரத்தில் நின்றது.

ஞாயிறு சாயங்காலம் மனைவி வாசலுக்கு வந்தாள். காரைப் பார்க்கவில்லை. பார்த்தாலும் தெளிவாகத் தெரிந்திருக்காது.

"என்னங்க, ரெண்டு பேரும் கையக் கழுவுங்க. நாளைக்கு விடியக்காலையில கோலா தெர்லா பூக்காரங்க வேன் ஈப்போ மார்க்கெட்டுக்குப் போகுது. முன் சீட்டுல நமக்கு எடம் சொல்லிட்டேன்."

"எப்பச் சொன்ன?"

"நேத்து. அண்ணன் மொதப் போல்ட ஒடச்சாருல்ல, அப்பவே."

அதன் பிறகு ஒன்றரை நாள் நான் செய்த வேலையை அவள் ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"சொல்லியிருக்கலாமே?"

"நீங்க நல்லா விளையாண்டுக்கிட்டு இருந்தீங்க, எதுக்குக் கெடுக்கணும்?"

மறுநாள் ஈரச் செவ்வந்திக் கட்டுகளுக்கு முன்னால், ஓட்டுநருக்கும் கதவுக்கும் நடுவில் நாங்கள் இருவரும் நெருக்கியடித்து உட்கார்ந்து மலை இறங்கினோம். வேனின் பிரேக்கிலிருந்து கருகல் வாடை வந்தது. நான் வாயைத் திறந்தேன். அவள் என் முழங்காலில் கை வைத்தாள். மூடிக்கொண்டேன்.

நேரத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டோம். தாதி அவள் பெயரைக் கூப்பிட்டதும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள்.

"திரும்பிப் போறதுக்கும் வேன்காரர்கிட்ட சொல்லிட்டேன். நீங்க ஒண்ணும் பண்ண வேணாம்" என்று சொல்லிவிட்டு, கதவு எந்தப் பக்கம் என்று கையால் தடவிக்கொண்டே உள்ளே போனாள்.