விளக்கு வைக்கிற நேரத்துக் கதவு

எனக்குப் படிப்பு கையெழுத்துப் போடுகிற அளவுதான். பஸ்ஸில் உக்கடம் என்று போட்டிருந்தால் எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவேன். அதற்காக ஒன்றும் தெரியாதவள் என்று யாரும் நினைக்க வேண்டாம். கிணத்துக்கடவு பக்கம் எங்கள் தென்னந்தோப்புக் கிணற்று மோட்டாரை, வீட்டில் உட்கார்ந்தபடி பட்டன் போனிலேயே ஓடவிட்டவள் நான்.

பொங்கலுக்குப் பெங்களூரிலிருந்து வந்த மகன், மொத்த வீட்டையும் அவனுடைய போனுக்குள் அடக்கிவிட்டுப் போனான். லைட்டு, ஃபேன், மேல்தொட்டி மோட்டார் எல்லாம். தொட்டி நிறைந்தால் மோட்டார் தானாக நிற்கிறது. நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. வாசற்கதவில் கை வைத்தான் பாருங்கள், அதுதான் எனக்கு ஆகவில்லை. பொழுது சாய்ந்தால் கதவு தானே சாத்திப் பூட்டிக்கொள்ளும். திறக்க விரல் வைக்க வேண்டும். களையெடுத்துத் தேய்ந்த என் விரல் ரேஷன் கடை மெஷினிலேயே விழாது. அதனால் எனக்கு மட்டும் நம்பர்.

விளக்கு வைக்கிற நேரத்தில் பின்கதவைச் சாத்தி, வாசற்கதவைத் திறந்து வைப்பது எங்கள் வழக்கம். மகாலட்சுமி முன்வாசலில் வருவாள், பின்வாசலில் போய்விடக் கூடாது. அவன் ஊருக்குப் போன அன்றைக்கும் அப்படியே பின்கதவுக்குத் தாழ் போட்டேன். சாமிக்கு விளக்கேற்றிவிட்டு, வாசல் மாடத்தில் ஒரு அகலை வைக்க வெளியே வந்தேன். முதுகுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. வீட்டுக்காரர் பால் ஊற்ற சொசைட்டிக்குப் போயிருந்தார்.

கதவுக்கு மேலிருந்த கேமராப் பெட்டியிலிருந்து மகன் குரல் வந்தது.

"அம்மா, ஏனுங்க வெளியில நிக்கறீங்க? நம்பர் அடிங்க."

நம்பர் எனக்கு நன்றாகத் தெரியும். அடிக்கவில்லை.

"என்ற ஊட்டுக்குள்ள போறதுக்கு நான் எதுக்குக் கண்ணு கணக்கு ஒப்பிக்கோணும்?"

"செரி, இருங்க. நானே தொறக்கறேன்."

பெங்களூரிலிருந்து திறந்தும்விட்டான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மருமகளாக இந்த வாசலை மிதித்த நாளிலிருந்து இந்தக் கதவைத் திறந்தவள் நான். இனி இன்னொருவர் திறந்துவிட்டுத்தான் நான் உள்ளே போக வேண்டுமா?

வீட்டுக்காரர் வந்ததும் சொன்னேன். "பையன் நம்ம நல்லதுக்குத்தான பண்ணியிருக்கான், அம்மணி" என்றார்.

"ஏனுங்க, உங்க விரல் விழுகுது, நீங்க பேசுவீங்க" என்றேன். அவர் பால் கேனைக் கழுவப் போய்விட்டார்.

மறுநாள் ஆட்டுக்கல் குழவியைத் தூக்கி வந்து வாசற்படியில், கதவுக்கு நடுவே வைத்தேன். கதவு வந்து முட்டியது, கீகீயென்று கத்தியது. நான் பாட்டுக்கு விளக்கேற்றினேன். தினமும் அதே கதை. தினமும் மகனிடமிருந்து போன்.

"கதவு தொறந்தே கெடக்குதுன்னு மீட்டிங் நடுவுல போன் கத்துதுங்கம்மா. மானம் போகுது."

"கத்தட்டும் சாமி. உன்ற அம்மா வெளக்கு வெச்சுப்போட்டான்னு தெரிஞ்சுக்கோ."

"திருடன் வந்தா என்னங்க பண்ணுவீங்க?"

"நான் குத்துக்கல்லாட்டம் வாசல்ல உக்காந்திருக்கறேன். என்னைத் தாண்டி எவன் வாரான்னு பாக்கறேன். தூங்கப் போறப்ப நானே பூட்டிக்கறேன். கதவைப் பூட்டறதுக்கு எனக்கு நீ சொல்லித் தரோணுமா?"

"செரிங்கம்மா" என்றான், பல்லைக் கடித்துக்கொண்டு.

அடுத்த நாள் பொழுது சாய்ந்தது. கதவு அசையவில்லை, கத்தவும் இல்லை. அங்கிருந்தபடியே மாற்றிவிட்டான் போல.

"அதுதான் மாத்திப்போட்டானே, கல்லை எடு. கால்ல இடிக்குது" என்கிறார் வீட்டுக்காரர்.

அங்கிருந்து மாற்றியவனுக்கு அங்கிருந்தே திருப்பி மாற்ற எத்தனை நேரமாகும்? பார்த்து நடங்கள் என்று சொல்லிவிட்டேன். குழவி அங்கேயேதான் இருக்கிறது.