அவர் தட்டிக்கொடுத்த டிராக்டர்

அந்த உழவுக்காரரை நான் பார்த்துக்கொண்டது ஐந்து மாதம். பக்கவாதம். வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறும், புத்தி மட்டும் கத்தி மாதிரி. வீட்டோடு தங்கிப் படுக்கையில் இருப்பவர்களைக் கவனிப்பது என் தொழில். முப்பத்தெட்டு வருடத்தில் எத்தனையோ பேரைக் குளிப்பாட்டியிருக்கிறேன். இவ்வளவு பொறாமை பிடித்த மனிதரைப் பார்த்ததில்லை. எனக்கு முதலில் டீ கொடுத்தால்கூட அவர் முகம் சுருங்கும்.

மற்றபடி சாதாரண மனிதர். இரண்டு பேர் ஓட்டித் தேய்த்த டிராக்டரை வாங்கி, இருபத்திரண்டு வருடம் தன் நிலத்தையும் அடுத்தவர் நிலத்தையும் உழுது பிழைத்தவர். அந்த வண்டியை வேறு யாரும் தொடக்கூடாது. படுத்த பிறகும் சாவி தலையணைக்கு அடியில்தான் இருந்தது.

பக்கத்து நிலத்துக்காரரிடம் புது டிராக்டர். அதைத் தினமும் துணியால் துடைப்பாராம். அதனால் இவர் அவருக்கு வைத்த பெயர் மினுக்கி.

நான் போய் மூன்று மாதம் ஆனபோது ஒரு ராத்திரி நல்ல மழை. காலையில் நான் அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்துச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து அவர் மனைவி தலையணைக்கு அடியில் கைவிட்டுச் சாவியை எடுத்தாள்.

"ஏய், எங்க கொண்டு போற?"

"ஈரம் ரெண்டு நாள்தான் நிக்கும். இப்ப உழலைன்னா இந்தப் போகம் போச்சு. பக்கத்து நிலத்துத் தம்பி ஓட்டித் தர்றேன்னுச்சு."

"அந்த மினுக்கியா?"

அவள் சாவியோடு போய்விட்டாள்.

வண்டி நிற்கும் கொட்டகை படுக்கை அறை ஜன்னலுக்கு நேர் எதிரில். மினுக்கி தன் வண்டியிலிருந்து நல்ல பேட்டரியைக் கழற்றிவந்து மாட்டியிருந்தார். சாவியைத் திருப்பினார். கிர்ர்ர், கிர்ர்ர் என்று சுற்றியது. இன்ஜின் பிடிக்கவில்லை. டீசல் பார்த்தார், இருந்தது. வண்டியை நிறுத்துவதற்கு இழுக்கும் குமிழைப் பார்த்தார், உள்ளேதான் இருந்தது. பில்டரை மாற்றி, திருகைத் தளர்த்தி, குமிழி வருவது நிற்கும்வரை கைப்பம்பை அடித்துக் காற்றை வெளியேற்றினார். மறுபடியும் கிர்ர்ர்.

படுக்கையில் இவர் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தார். "நர்சம்மா, புகை வருதா பாருங்க."

பார்த்தேன். "துளிகூட இல்லை."

பாதி முகம் சிரித்தது. மறுபாதிக்குத்தான் சிரிக்க வராதே. "அப்ப டீசலே உள்ள போகலை."

"ஏன் போகலை?"

வாயை மூடிக்கொண்டார். மாத்திரையைக் கன்னத்தில் ஒளித்துவைத்துக்கொண்டு விழுங்கிவிட்டேன் என்பார்களே, அதே முகம்.

"தெரிஞ்சா சொல்லிடுங்களேன்."

"சொன்னா, நான்தான் கிளப்பினேன்னு ஊரெல்லாம் சொல்லுவான்."

வெளியே மினுக்கி சத்தமாகச் சொன்னார்: "கிளம்பலைன்னா விடுங்கக்கா. மத்தியானம் என் வண்டியை எறக்கறேன். சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிடும்."

"கேட்டுச்சா?" என்றேன். "நீங்க சொல்லலைன்னா அவர் வண்டி உங்க நிலத்துல ஓடும்."

இரத்த அழுத்தம் பார்த்தேன். காலையில் இருந்ததைவிட இருபது ஏறியிருந்தது. அந்த நேரம் வெளியே அவர் மனைவி ஏதோ கேட்டுச் சிரித்தாள்.

"எதுக்குச் சிரிக்கிறா?"

"கேட்டுட்டு வரவா?"

"வேண்டாம்." பிறகு, "போய்க் கேளுங்க."

போய்க் கேட்டுவந்தேன். "அண்ணன் இல்லாம ஒரு இருமல்கூட இருமமாட்டேங்குதே, அப்படி வளர்த்திருக்கார்னு சொன்னாராம்."

"வளர்த்தேனாம்!" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

மினுக்கி தன் வண்டியைக் கொண்டுவருவதற்காகக் கை கழுவப் போனார். மனைவி உள்ளே வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். புடவையெல்லாம் கிரீஸ்.

"உங்க வண்டியும் உங்களை மாதிரியே. சத்தம் மட்டும் போடுது, எழுந்திருக்க மாட்டேங்குது."

அவர் இடது கையால் போர்வையை இழுத்துக்கொண்டார்.

"அதுக்கு என்ன குறைச்சல்? ராணி மாதிரி வெச்சிருந்தீங்க. தினமும் ஏறுறதுக்கு முன்னாடி அதோட விலாவுல ஒரு தட்டு. சமையலறை ஜன்னல்லேர்ந்து பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன், இருபத்திரண்டு வருஷமா. என்னை ஒரு நாளாவது அப்படித் தட்டிக் கொடுத்திருப்பீங்களா?"

அவள் சிரிக்காமல்தான் கேட்டாள். நான் துண்டைப் பிழிவதை நிறுத்திவிட்டேன்.

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "தட்டலைடி! தள்ளினேன்!"

"எதை?"

வாய் முந்திக்கொண்டது. அதற்கு மேல் ஒளிக்க முடியவில்லை. குமிழை இழுத்தால் டீசல் நின்று வண்டி அணையும். திரும்ப உள்ளே தள்ளினால், டீசல் பம்பின் பக்கத்தில் இருக்கும் சின்ன நெம்புகோலை ஒரு ஸ்பிரிங் பழைய இடத்துக்கு இழுக்க வேண்டும். ஸ்பிரிங் முதல் வருடமே அறுந்துவிட்டது. குமிழ் உள்ளே போகும், நெம்புகோல் நகராது. காலையில் உள்ளங்கையால் ஒரு தள்ளு தள்ளிவிட்டு ஏறுவார். கை விழுந்த நாளிலிருந்து அதைத் தள்ள ஆளில்லை.

"ஒரு ஸ்பிரிங் மாத்தியிருக்கலாமே?" என்றேன்.

"மாத்தினா யார் வேணும்னாலும் கிளப்பிடுவாங்களே!"

மனைவி கிரீஸ் கையைப் புடவையில் துடைத்தாள். "ஒரு துண்டு இரும்பைப் பார்த்தா இத்தனை வருஷம் எனக்கு வயிறு எரிஞ்சுது?" என்று எழுந்து போனாள்.

ஜன்னலில் நின்று பார்த்தேன். கணவர் தினமும் நிற்கும் இடத்திலேயே நின்றாள். அவரைப் போலவே விலாவில் ஒரு தட்டு. ஏறிச் சாவியைத் திருப்பினாள். கிர்ர்ர், இரண்டு இருமல், குபுக்கென்று கரும்புகை. பிடித்துக்கொண்டது.

மினுக்கி ஈரக்கையோடு ஓடிவந்தார். "என்னக்கா பண்ணீங்க?"

"தட்டிக் கொடுத்தேன்."

அதற்குமேல் அவள் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. கியர் எப்படிப் போடுவது என்று மட்டும் கேட்டுக்கொண்டு தானே ஓட்டிப் போனாள். மினுக்கி பக்கத்தில் நடந்தபடி சொல்லிக்கொடுத்தார். இவர் என்னைக் கட்டிலை ஜன்னல் பக்கம் தள்ளச் சொன்னார். தலைக்கு மூன்று தலையணை.

"கோணல்! நர்சம்மா, பாருங்க எவ்வளவு கோணல்!"

கோணலோ நேரோ, மறுநாள் இருட்டுவதற்குள் முழு நிலமும் உழுதாகிவிட்டது. அன்று ராத்திரி அவர் சரியாகச் சாப்பிடவில்லை. காலையில் என்னைக் கூப்பிட்டு, "அந்தப் பந்தை எடுங்க" என்றார். கைப்பயிற்சிக்காக நான் வாங்கிவைத்த ரப்பர் பந்து. மூன்று மாதமாக நான் கெஞ்சியும் மிரட்டியும் தொடாதது. அன்று முதல் ஜன்னல் வழியே வண்டியை முறைத்துக்கொண்டே அமுக்கினார். பந்து அலுத்தால் கட்டில் கம்பியை உள்ளங்கையால் தள்ளுவார்.

நான் கிளம்பிய நாளில் மூன்று விரல் மடங்கின. வாசலில் அவர் மனைவியிடம், "இப்பவாவது அந்த ஸ்பிரிங்கை மாத்திட்டியா?" என்று கேட்டேன்.

"எதுக்கு நர்சம்மா? மாத்தினா இந்த மனுஷன் கிளப்பிடுவாரே" என்றாள், சாவியை இடுப்பில் செருகிக்கொண்டே.