சுவரில் எழுதாத மீதி

கொரோனா ஊரடங்கெல்லாம் முடிந்து, பாதியில் நின்றுபோன கட்டடங்கள் மறுபடி எழும்பத் தொடங்கிய நேரம் அது. அடையாறில் அடுக்குமாடி கட்டிக்கொண்டிருந்த ஓர் இடத்தில், தொழிலாளிகளுக்குச் சமைத்துப் போடும் வேலை எனக்கு. நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். ஓர் ஊரில் சேர்ந்தாற்போல ரொம்ப நாள் தங்கியதில்லை. நாக்பூர் பக்கம் தாபாவில் ரொட்டி தட்டினேன், சூரத்தில் சாயப்பட்டறையில் கையை வேகவைத்துக்கொண்டேன், பல ரயில் நிலையங்களில் படுத்து எழுந்தேன். இத்தனையிலும் மிஞ்சியது இந்தி ஒன்றுதான். அதை எழுதவோ படிக்கவோ வராது, பேச்சு மட்டும் தடையில்லாமல் வரும்.

அந்த இந்திதான் என்னை வேதபாட வகுப்பில் கொண்டுபோய் நிறுத்தியது. எங்கள் வேலையிடத்தில் ஜார்க்கண்டுக்காரர்கள் நிறைய. அவர்களில் பலர் கிறிஸ்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை சாந்தோம் பக்கம் ஒரு கோயிலுக்குப் பூசைக்குப் போவார்கள். கடற்கரைக் காற்று வாங்கலாமே என்று நானும் கூடப் போவேன். பூசை முடிந்து வந்தவர்களோடு டீக்கடையில் நான் பேசிக்கொண்டிருந்தபோது டீ மாஸ்டர் கிண்டலடித்தார்.

"இன்னா நைனா, இந்தில பொளந்து கட்டிக்கினு கீற! எந்த ஸ்கூல்ல படிச்ச?"

"டிக்கெட் இல்லாத ரயில்ல."

பக்கத்தில் நின்ற ஒரு பெண்மணி சிரித்துவிட்டார். அந்தக் கோயிலைச் சேர்ந்தவர், பள்ளி ஆசிரியை. வெளிமாநிலத் தொழிலாளிகளுக்குப் பைபிள் சொல்லிக் கொடுக்க ஆசைப்பட்டுக் கோயிலுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை கேட்டு வாங்கியிருந்தார். ஆனால் அவருக்கு இந்தி வராது.

"நடுவுல நின்னு நீங்க சொல்றீங்களா தம்பி?" என்று கேட்டார்.

"எனக்குச் சாமியெல்லாம் பழக்கமில்ல டீச்சர்."

"சாமி பழகிக்குவாரு. நீங்க வார்த்தைய மட்டும் மாத்திக் குடுங்க."

டீயும் பன்னும் உண்டு என்றார். ஒப்புக்கொண்டேன்.

டீச்சர் ஒவ்வொரு வரியையும் துண்டு துண்டாகச் சொல்லி நிறுத்துவார். நான் அந்தத் துண்டை இந்தியில் சொல்வேன். கதையாக வரும் நாட்களில் சிரமமே இல்லை. மீன் பிடித்தார்கள், கல்யாண வீட்டில் திராட்சை ரசம் தீர்ந்துபோனது என்றால் யாருக்குத்தான் புரியாது?

எங்களோடு கம்பி கட்டும் வேலையில் ஓர் ஆள் இருந்தான். அதிகம் பேசமாட்டான். அவன் இங்கே இருக்கும்போதே ஊரில் அவன் மனைவிக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஞானஸ்நானம் கொடுக்கலாமா என்று வீட்டில் கேட்டதற்கு, "கிறிஸ்துமஸுக்கு வருகிறேன், என் கையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும், அதுவரை பொறுங்கள்" என்று சொல்லியிருந்தான். பிள்ளை பொறுக்கவில்லை. காய்ச்சல் வந்து போய்விட்டது. அவன் ரயில் பிடித்துப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்பதால் போகவும் இல்லை. போனில் ஒரு சொந்தக்காரர், "நீ தள்ளிப்போட்ட பாவம்தான் பிள்ளையைத் தின்றது" என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து அவன் சரியாகச் சாப்பிடவில்லை. தட்டில் போட்ட சோறு அப்படியே திரும்பி வரும். சமைப்பவனுக்கு அது தெரியாமல் போகாது.

ஒருநாள் பாத்திரம் கழுவும் இடத்துக்கு வந்து நின்றான். "உன் டீச்சரிடம் கேட்டுச் சொல். என் பாவத்தால்தான் அது செத்ததா?" என்றான். ஞாயிற்றுக்கிழமை வா, நீயே கேள் என்றேன்.

வந்தான். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தான். வகுப்புக்கு முன்பே டீச்சரிடம் விஷயத்தைச் சொல்லிவிட நினைத்தேன். பஸ் தாமதமாகிவிட்டது. நாங்கள் நுழையும்போதே அவர் பாடத்தைத் தொடங்கியிருந்தார். புத்தகத்தைப் பார்த்து ஒரு துண்டு வாசித்துவிட்டு, வழக்கம்போல என் முகத்தைப் பார்த்தார்.

"பாவத்துக்குக் கிடைக்கும் கூலி சாவு."

ஊர் ஊராகத் திரிந்தவனுக்கு அந்த வசனம் புதிதில்லை. நெடுஞ்சாலை ஓரத்துப் பாறையிலும் மதிலிலும் சுண்ணாம்பில் எழுதியிருப்பார்கள். அங்கே சம்பளம் என்று இருக்கும், டீச்சர் புத்தகத்தில் கூலி என்று இருந்தது. எதுவாக இருந்தால் என்ன? கடைசி பெஞ்சில் அவன் உட்கார்ந்திருக்கிறான். நான் அந்த வரியை அப்படியே விழுங்கிவிட்டு, பாவம் செய்யக் கூடாதாம் என்று இந்தியில் ஒப்பேற்றினேன்.

டீச்சர் விடவில்லை. "என்ன தம்பி, நான் ஒரு முழம் குடுத்தா நீங்க ஒரு சாண்தான் குடுக்கறீங்க?" என்றார். நாலு பேர் சிரித்தார்கள்.

அவன் சிரிக்கவில்லை, எழுந்து நின்றான். கூலி என்ற சொல் தெரியாத வெளியூர்த் தொழிலாளி சென்னையில் உண்டா? பாவம் என்பதற்கு அவர்கள் பாஷையிலும் கிட்டத்தட்ட அதே சொல்தான். சாவு என்பது அவன் இங்கே வந்து கேட்டுப் பழகிய வார்த்தை. மூன்றையும் அவனே சேர்த்துக்கொண்டான். "அவர் சொன்னதைச் சரியாகச் சொல்" என்றான் என்னிடம். வேறு வழியில்லாமல் சொன்னேன்.

பிறகு கேட்டான். "என் பிள்ளை இன்னும் குப்புறக்கூட விழவில்லை. அது என்ன வேலை செய்தது, அதற்குக் கூலி கொடுக்க?"

அதை அப்படியே தமிழில் மாற்றிச் சொன்னேன். நடந்ததையும் இரண்டு வரியில் டீச்சருக்குச் சொன்னேன்.

அவர் மேசையை விட்டு வந்து அவன் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தார். அவனையும் உட்காரச் சொன்னார்.

"ரொம்ப நாளா இதச் சொல்லிக் குடுக்கறேன். இந்தக் கேள்விய யாரும் கேட்டதில்ல. கூலி, வேலை செஞ்சவங்களுக்குத்தானே? பாப்பா ஒண்ணுமே செய்யல. அப்ப இந்தப் பாதி அவளுக்கு எழுதினது இல்ல. இதே வரியில இன்னொரு பாதி இருக்கு, அதுதான் அவளுக்கு. கடவுள் குடுக்கறது அருள்கொடை, அது முடிவே இல்லாத வாழ்வு."

நான் விழித்தேன். "அருள்கொடைன்னா என்ன டீச்சர்?"

"சம்பாதிக்காம, கேக்காம, பிரியத்துல குடுக்கறது."

இலவசம் என்பதற்கு இந்தியில் ஒரு சொல் தெரியும். அதைச் சொன்னால் ரேஷன் கடை வரிசைதான் ஞாபகம் வரும். பிரியம் வராது. எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் எனக்குத் தெரிந்தபடி சொன்னேன்: பிறந்த பிள்ளையை முதன்முதலாகப் பார்க்கப் போனால், அதன் கைக்குள் ஏதாவது வைத்து விரலை மூடுவோமே, அதுதான். உன் பிள்ளைக்குக் கடவுள் கொடுத்தது அது. கூலி இல்லை.

அவன் தன் உள்ளங்கையைப் பார்த்தான். பிறகு முகத்தை மூடிக்கொண்டு அழுதான். பிள்ளை போன பிறகு அவன் அழுது நான் பார்த்தது அன்றுதான். டீச்சர் அவன் முதுகில் கை வைத்தபடி இருந்தார். அன்றைக்கு மேற்கொண்டு பாடம் நடக்கவில்லை.

வெளியே வந்ததும் அவன் மனைவிக்குப் போன் போட்டான். இரண்டு வார்த்தைக்கு மேல் பேச முடியாமல் போனை என் கையில் திணித்தான். "நீயே சொல். எனக்கு அது சரியாக வராது."

பட்டினப்பாக்கம் பஸ் நிறுத்தத்தில், மீன் கூடைகளுக்கும் ஆட்டோ சத்தத்துக்கும் நடுவில் நின்றுகொண்டு, முகம் தெரியாத ஒரு தாய்க்கு நான் பைபிள் சொன்னேன். கோயிலுக்குள் ஒழுங்காகக் கால் வைக்காதவன் நான். அந்தப் பெண் குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அண்ணா, இது புத்தகத்திலேயே இருக்கிறதா? இல்லை எங்கள் ஆறுதலுக்காக நீங்களே சொல்கிறீர்களா?"

கிளம்பும்போது டீச்சரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லி, எழுத்துக் கூட்டி என் கண்ணாலேயே படித்திருந்தேன். அதனால் தைரியமாகச் சொன்னேன்: "இருக்கிறதம்மா. பாதியில் நிறுத்தாமல் படித்தால் இருக்கிறது."

அன்று சாயங்காலம் அவன் தட்டு காலியாகத் திரும்பி வந்தது.

அதற்குப் பிறகு அடையாறையும் விட்டுவிட்டேன், இன்னும் நாலைந்து ஊர் பார்த்துவிட்டேன். போகிற வழியில் ஏதாவது பாறையிலோ மதிலிலோ அந்த அரை வசனம் கண்ணில் படுகிறது. பாவம், எழுதியவருக்குச் சுண்ணாம்பு தீர்ந்துபோயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு, மீதியை வாய்க்குள் நானே சொல்லி முடித்துவிட்டுத்தான் அந்த இடத்தைத் தாண்டுகிறேன்.